கனவில் கட்டிய வீடு

தையற்காரிக்கு அந்தப் பழக்கத்தைச் சொல்லிக்கொடுத்தவன் அவள் கணவன்தான். சீக்கிரம் படுத்து, விடியுமுன் எழுந்து, சற்று நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டு மறுபடி தூங்க வேண்டும். அப்போது வரும் கனவில், இது கனவு என்று நமக்கே தெரியும், நினைத்ததெல்லாம் நடக்கும். அவள் நினைத்து நினைத்துக் கடலோரத்தில் ஒரு வீடு கட்டினாள். அதை அவனிடம் மட்டும்தான் சொன்னாள்.

பள்ளிச் சீருடை வேலை குவிந்ததில் ஒரு வாரம் தூக்கம் கெட்டது. கனவும் வரவில்லை. வேலை முடிந்த மறுநாள் விடியலில், பழையபடி எழுந்து உட்கார்ந்து, மறுபடி தூங்கி, ஆசையோடு அந்த வீட்டுக்குப் போனாள். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினாள். ஈரத் தலையோடு வந்து திறந்தவள் அவளுடைய தங்கை.

"அக்கா! உனக்கு இன்னும் ரெண்டு நாள் வேலை இருக்குன்னு மாமா சொன்னாரே?"

"இது என் வீடுடி."

"தெரியும்க்கா," என்று தங்கை தலையைக் குனிந்துகொண்டாள்.

தையற்காரி விழித்துக்கொண்டாள். ஜன்னலில் வெயில் ஏறியிருந்தது. பக்கத்தில் கணவன் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

கண்ணைத் திறக்காமலே, அவளிடம் ஒருநாளும் காட்டியிராத கனிவோடு அவன் கேட்டான்:

"போயிட்டாளா? கதவைச் சாத்திட்டு வா."