கனகாம்பாளின் யோசனை

"பயப்படாம சொல்லும்மா. அந்த யோசனை உனக்கு எப்படி வந்துச்சுன்னு துரை கேக்குறாரு."

மொழிபெயர்க்க வந்திருந்த துபாஷி உலகநாதன் இதோடு இரண்டு தடவை கேட்டுவிட்டார். கனகாம்பாள் கிணற்றடியில் முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள். எதிரே, கழற்றிய தொப்பியைக் கையில் பிடித்தபடி, எந்திரத்தைப் பற்றிக் கேள்விப்பட்டுப் புதுச்சேரியிலிருந்து காரில் வந்திருந்த பிரெஞ்சு எஞ்சினீயர் துரை.

"அவளுக்குக் கூச்சங்க. நான் சொல்றேன்" என்று முந்திக்கொண்டான் அவள் புருஷன் தணிகைவேல்.

பட்டணத்து மில்லில் எந்திரக் கொட்டகையில் வேலை பார்த்தவன் அவன். ஊருக்குத் திரும்பிய பிறகு, நெல் அவித்த வெந்நீர் தினமும் கொல்லையில் வீணாக ஓடுவதைப் பார்த்தான். கரி வேண்டாம், நீராவி வேண்டாம், இந்தச் சூட்டிலேயே ஓடுகிற எந்திரம் செய்கிறேன் என்று கிளம்பிவிட்டான். உழவு மாடுகளை விற்றுச் செம்பும் பித்தளையுமாக வாங்கி வந்து இறக்கினான்.

"செம்பு உருளை, அடியில வெந்நித் தொட்டி, பக்கத்துல சக்கரம். சக்கரம் சுத்துனா கெணத்துத் தண்ணி மேல வரணும், அவ்ளோதான். நாலு சுத்து சுத்தும், நின்னுடும். சூடு பத்தலன்னு கொதிக்கக் கொதிக்க ஊத்துனேன். ரெண்டே சுத்துல நின்னுடுச்சி! இந்த ஒதியம்பட்டு ஊரே கைகொட்டிச் சிரிச்சிது தொரை."

உலகநாதன் பிரெஞ்சில் சொல்லச் சொல்ல, துரை ஆர்வமாகத் தலையாட்டினார்.

"அன்னைக்கு, கீழ வுழுந்த நட்டைத் தேடிக்கினு இருக்கேன். தொபீர்னு ஒரு சத்தம். நிமிந்து பார்த்தா இவ நிக்கிறா, கையில காலிக் கொடம்! எந்திரத்தோட தலையெல்லாம் பச்சத் தண்ணி சொட்டுது. சக்கரம் பம்பரமாட்டம் சுத்துது! அப்பதான் எனக்கு ஒறைச்சிது. அடியில சூட்டை ஏத்திக்கினே போனா மேலயும் சூடு ஏறிப்போவுது, அதான் நின்னுடுது. தலையைக் குளுர வைக்கணும். அடிக்கும் தலைக்கும் எவ்ளோ வித்தியாசமோ அவ்ளோ வேகம். மாசக்கணக்கா நான் மண்டையை ஒடைச்சிக்கினேன். இவ ஒரே கொடத்துல முடிச்சிட்டா!"

துரை கையை ஆட்டி ஆட்டி ஏதோ பேசினார்.

"அவங்க நாட்டுல படிச்சவங்களே இந்த எடத்துலதான் சறுக்குறாங்களாம்" என்றார் உலகநாதன். "எல்லாரும் நெருப்பைக் கூட்டத்தான் பாக்குறாங்க. கம்மிச் சூட்டுல ஓடுற எந்திரத்துக்குக் குளிர்ச்சிதான் உசுருன்னு மதாமுக்கு, அதான் உனக்கு, எப்படித் தோணுச்சுன்னு கேக்குறாரு."

இந்த ஒரு கேள்விக்குத்தான் கனகாம்பாள் இத்தனை நாளும் பயந்துகொண்டிருந்தாள்.

அந்தக் குடம் தண்ணீருக்குப் பிறகு ஊரில் அவள் மதிப்பே வேறு. முட்டையிடாத கோழியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சிக்கிக்கொண்ட தையல் எந்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள் மணியம்மாள். என்ன சொல்வதென்று தெரியாமல், "எண்ணெய் வுட்டுப் பாரேன்" என்று கனகாம்பாள் சொல்லிவைக்க, அது ஓடித் தொலைந்தது. பேர் இன்னும் ஏறிவிட்டது. எல்லாவற்றையும்விட, எதற்குமே அவளை ஒரு வார்த்தை கேட்காத தணிகைவேல், இப்போது முடிவெட்டிக்கொள்ளப் போவதென்றால்கூட, "இன்னா கனகு, இன்னைக்குப் போவட்டா?" என்று கேட்டுவிட்டுத்தான் போகிறான். இதையெல்லாம் இழக்க யாருக்கு மனசு வரும்?

துரை எந்திரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். அது இறைத்த தண்ணீரில் ஒரு பங்கு அதன் தலையை நனைத்துவிட்டு, மற்றது கத்தரிப் பாத்திக்கு ஓடுவதைக் குனிந்து பார்த்தார். பிறகு உலகநாதனிடம் நீளமாகப் பேசினார்.

"தணிகைவேல், உனக்கு நல்ல காலம்பா! இதே மாதிரி பெருசா செஞ்சு வில்லியனூர் கொம்யூன்ல உள்ள ஊர்க் கெணறுகள்ல வெக்கப் போறாங்க. அதுக்கு நீதான் மேஸ்திரி."

தணிகைவேலுக்குத் தரையில் கால் பாவவில்லை. "கனகு, மறுபடி மாடு வாங்கிடலாம்! எந்த மாடுன்னு நீயே சொல்லு! இருங்க தொரை, எளநி பறிச்சாறேன்" என்று கத்தியை எடுத்துக்கொண்டு கொல்லைத் தென்னையை நோக்கி ஓடினான்.

உலகநாதன் குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஒண்ணும்மா. உன் வாயால ஒரு வார்த்தை கேக்காம துரை கெளம்ப மாட்டாராம். பொய் சொன்னா அவருக்கு ஆவாது. உள்ளதைச் சொல்லிடு."

துரை தொப்பியை நெஞ்சோடு வைத்துக்கொண்டு காத்திருந்தார். இவ்வளவு மரியாதையாக ஒருவர் நிற்கும்போது பொய் சொல்ல அவளுக்கு நா எழவில்லை. கொல்லைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். தணிகைவேல் பாதி மரம் ஏறியிருந்தான். இங்கே பேசுவது அங்கே கேட்காது.

துபாஷியின் பக்கம் ஓரடி நகர்ந்து மெல்லச் சொன்னாள்:

"யோசனையும் இல்ல, ஒண்ணும் இல்லீங்கய்யா. என்னை ஒரு வார்த்தை கேக்காம மாட்டை வித்துட்டு, ராவும் பகலும் இதையே கட்டிக்கினு அழுவுறாரேன்னு ஆத்திரம். அவரு தலையிலதான் ஊத்துனேன், அந்த நேரம் பார்த்துக் குனிஞ்சிட்டாரு!"

உலகநாதன் ஒரு கணம் தென்னை உச்சியைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு துரையிடம் திரும்பி, ஒரு பொய்யும் கலக்காமல் பிரெஞ்சில் சொன்னார்:

"எந்தத் தலைக்குச் சூடு அதிகமாக ஏறியிருக்கிறதோ, அந்தத் தலையில்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று மதாமுக்குத் தோன்றியதாம்."