லீவு நாள் கடல்

மறுபடியும் தப்பு.

அட்டையில் இழுத்த பெயின்ட் ஈரமாக இருந்தவரை ஆசை காட்டியது. ஹேர் டிரையரைப் பிடித்துக் காய வைத்ததும் பல்லை இளித்துவிட்டது.

அவள் அட்டையைக் குப்பைத் தொட்டியில் வீசினாள். தொட்டி எப்போதோ நிறைந்துவிட்டதால் அது சறுக்கிக்கொண்டு தரைக்கு வந்தது. தரையிலும் நீலம், மேஜையிலும் நீலம், அவள் முழங்கையிலும் நீலம்.

பெயின்ட் கம்பெனியின் கலவை அறையில் அவளுக்கு நல்ல பெயர்தான். சட்டைப் பொத்தானைக் கொண்டுவந்து நீட்டுவார்கள், பூனையின் வால் நுனியைப் போட்டோ எடுத்து அனுப்புவார்கள். எதைக் காட்டினாலும் அதே நிறத்தை டப்பாவில் அடைத்துக் கொடுத்துவிடுவாள். இந்த ஒன்று மட்டும் வாரக்கணக்காகத் தண்ணி காட்டுகிறது.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

புதுசாக ஒரு நிறம் சொல்லுங்கள் என்று மேனேஜர் மீட்டிங்கில் கேட்டதும், சின்ன வயதில் பார்த்த கடலை எடுத்து விட்டுவிட்டாள்.

பள்ளிக்கூட நாள் அது. விடிவதற்குள் அம்மா எழுப்பினாள். யூனிஃபார்ம் வேண்டாம், இன்றைக்கு நமக்கு லீவு என்றாள். அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா, அண்ணன், அவள், மூன்று பேரும் முதல் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். பொழுது சாயும்வரை கடற்கரைதான். கேட்டதெல்லாம் கிடைத்தது. ஐஸ்கிரீம்கூட இரண்டாவது தடவை கிடைத்தது. அப்படி ஒரு லீவு அதற்கப்புறம் அவள் வாழ்க்கையில் வரவே இல்லை. நிறம் பார்க்கிற வேலைக்கு அவள் வந்ததே அந்தக் கடலால்தான்.

அம்மா மணலில் உட்கார்ந்து கடலை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை, அம்மாவுக்குக் கடல் என்றால் உயிர் என்று அவள் சொல்லி முடித்தாள். மேனேஜரே உருகிப்போனார்.

உருகினவர் இப்போது கதவுக்குள் தலையை மட்டும் நீட்டினார்.

"சாயங்காலத்துக்குள்ள வரலைன்னா போன வருஷ நீலத்துக்கே உங்க கடல் பேர வச்சிடுவேம்மா. எவன் கண்டுபிடிக்கப்போறான்?"

அவள் கண்டுபிடிப்பாளே. அதுதானே வயிற்றெரிச்சல். ஊரான் வீட்டுச் சுவரிலெல்லாம் ஏதோ ஒரு நீலத்தைப் பூசிவிட்டு, அது அவளுடைய கடல் என்பார்கள். அப்புறம் அவளுக்கே அது மறந்துபோகும்.

நீலத்தைக் கூட்டினாள், நீச்சல் குளம் வந்தது. குறைத்தாள், ஆஸ்பத்திரிச் சுவர் வந்தது. பச்சையை ஊற்றினாள், அதைச் சொல்லவே வேண்டாம். கலக்குகிற குச்சியைத் தூக்கி எறியலாம் போல இருந்தது.

அவளைக் கூட்டிப்போக வந்த அண்ணன், வாசலில் நின்று நின்று சலித்துப்போய் மாடி ஏறி வந்துவிட்டான். தரையில் கிடந்த அட்டைகளைக் காலால் ஒதுக்கினான்.

"இந்நேரத்துக்கு ஊருக்கே சமைச்சு இறக்கியிருக்கலாம். என்னத்த கலக்குற இன்னும்?"

"அம்மாவோட போனோமே, அந்தக் கடல்."

அண்ணன் ஒரு அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். சிரித்துவிட்டான்.

"இதா? அன்னிக்கு ஒரே மேகம். கடல் பாத்திரம் கழுவின தண்ணி மாதிரி கெடந்துச்சு. நீதான் அம்மாவோட கூலிங்கிளாஸைப் புடுங்கி மாட்டிக்கிட்டு, பச்சக் கடலு பச்சக் கடலுன்னு குதிச்ச."

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"அம்மா என்னிக்கு கூலிங்கிளாஸ் போட்டாங்க?"

அண்ணன் அட்டையைத் தாழ்த்தினான். சிரிப்பு போன இடம் தெரியவில்லை. தன் இடது கண்ணுக்குக் கீழே, கன்னத்து எலும்பை, ஒரு விரலால் தொட்டுக் காட்டினான். அட்டையை மேஜையில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவள் கை அதன்பாட்டுக்கு வேலை பார்த்தது. நீல டப்பாவை மூடியது. வெள்ளையில் கறுப்பைச் சொட்டி, சாம்பலிலிருந்து ஆரம்பித்தது. அதன் மேல் பழைய கண்ணாடியின் பச்சை. துளி மஞ்சள். அட்டையில் இழுத்தது. காய வைத்தது.

காய்ந்த பிறகும் நிறம் மாறவில்லை.

அதே கடல்.

மேனேஜர் எட்டிப் பார்த்தவர், உள்ளேயே வந்துவிட்டார். அட்டையைத் தூரத்தில் பிடித்தார், கிட்டத்தில் பிடித்தார்.

"ஆஹா. இதைத்தான் உங்கம்மா கண்ணெடுக்காமப் பாத்துக்கிட்டிருந்தாங்களாம்மா?"

அவள் குனிந்து தரையில் கிடந்த நீல அட்டைகளைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

அன்றைக்கு அம்மா முதலில் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பிள்ளைகளைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியை இவள் பிடுங்கிக்கொண்ட பிறகுதான் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பொழுது சாயும்வரை அப்படியே இருந்தாள்.