மூன்றாவது ஹாரன்

க்ரோயா ஊர் ரயில்பாதை வளைவில் மாலை பாசஞ்சர் ரயிலுக்கு அன்றுதான் கடைசி ஓட்டம். தண்டவாளத்திலிருந்து பத்தடி தள்ளி, நானும் பாக் தார்சோனோவும் கேமராவோடு நின்றோம்; பெரியவர்களை எங்கள் ஊரில் 'பாக்' என்றுதான் அழைப்போம்.

"முல்யாதி இருந்திருந்தா இந்நேரம் உங்க ஃபிரேம்ல தலைய நீட்டியிருப்பார், பாக்" என்றேன்.

"அந்தக் கழுதையால இருபது வருஷத்துல ஒரு முழு ரயில்கூட எனக்குக் கிடைக்கல" என்றார். சிரிக்கவில்லை.

போன வருஷம் இதே இடத்தில்தான் "இனிமே என் பக்கத்துல வந்து நிக்காதே!" என்று, எப்போதும் எங்களோடு ரயில் படமெடுக்க வரும் முல்யாதியைப் பார்த்து தார்சோனோ கத்தினார். முல்யாதி கேமராவை எடுத்துக்கொண்டு போனார். அடுத்த வாரம் மாரடைப்பு. மன்னிப்புக் கேட்க ஆள் இல்லை.

எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. பாதையோரம் நின்று கட்டைவிரலை உயர்த்தினால், தெரிந்த டிரைவர்கள் அங்கே நிற்கும் ஒவ்வொருவருக்கும் ஒன்று என்று எண்ணி ஹாரன் கொடுப்பார்கள்.

வளைவில் இன்ஜின் தெரிந்தது. படம் எடுத்த கையோடு இருவரும் விரலை உயர்த்தினோம்.

ஒன்று. இரண்டு. சற்று இடைவெளி விட்டு, மூன்று.

டிரைவர் கையசைத்தார். ஆறு பெட்டிகளும் கடந்து போயின.

"என்ன பாக், அந்த ஆளுக்கு எண்ணத் தெரியாதா?" என்றேன். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

தார்சோனோ கேமராத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்ஜினிலிருந்து கடைசிப் பெட்டி வரை, எதுவும் மறைக்காமல், ரயில் முழுசாக விழுந்திருந்தது.

முல்யாதி வழக்கமாக நிற்கும் இடது பக்கம் மெல்லத் திரும்பினார். அங்கே புல் மட்டும்தான் இருந்தது.

"அவ்வளவு தள்ளி நிக்காதேடா" என்றார். "கிட்ட வந்து பாரு."