அப்பாவை வரச் சொல்லுங்க

தலைமை ஆசிரியர் மாதையன் முன்னால் ஷகிலா டீச்சர் தயங்கி நின்றார்.

"சார், என் கிளாஸ்ல ஒரு பையன் அஞ்சு நிமிஷம் உக்கார மாட்டேங்கறான். ஏடிஹெச்டின்னு சொல்ற கவனக் குறைபாடா இருக்குமோன்னு தோணுதுங்க. அவன் பேரு..."

"பேரு எதுக்குங்க டீச்சர்? எல்லாப் புள்ளையும் நம்ம புள்ளதான். முன்னாடி பெஞ்சுல உக்கார வைங்க. அப்பப்ப சாக்பீஸ் எடுத்தார அனுப்புங்க, எழுந்து நடந்தாப்பல இருக்கும். வியாழக்கெழம ஏரியூர்ல இருந்து சிறப்பு ஆசிரியர் வராங்க, காட்டிடலாம்."

"அதுக்கு அவங்கப்பா ஒத்துக்கணுமே சார். எல்லாம் கொழுப்பு, நாலு சாத்து சாத்தினா சரியாயிடும்கறாராம். அவங்கம்மா எங்கிட்ட சொல்லி அழுதாங்க."

"படிக்காத ஆளா?"

"ரெண்டு டிகிரி வாங்கினவருங்க சார்."

மாதையனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "படிச்ச முட்டாள்! அந்தாள வரச் சொல்லுங்க. இல்ல, போன் போடுங்க, நானே கேக்கறேன்!"

"இப்பவேங்களா சார்?"

"இப்பவே!"

ஷகிலா டீச்சர் பெருமூச்சு விட்டுவிட்டு நம்பரை அழுத்தினார்.

மாதையனின் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தவர் எரிச்சலானார்.

"எனக்கு ஏன் டீச்சர் போடறீங்க? பையனோட அப்பனுக்குப் போடுங்க!"

"அவருக்குத்தாங்க சார் போட்டேன்."