தோப்பைத் தாண்டும் கம்பி

காலையிலிருந்து தனபாலுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வேலிக்கு அந்தப்பக்கம், தம்பி சோலையின் புது வீட்டு வெளிச்சுவரில் துளை போடும் மெஷின் அலறிக்கொண்டிருந்தது.

பாதிக் காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்.

வயர்மேன் ஷபீர், மீட்டர் பலகையைச் சுவரில் வைத்து மட்டம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கண்ணுக்கு நேரா இருக்கணும் சோலையண்ணா. ரீடிங் எடுக்க வர்றவங்க எக்கிப் பார்க்கக் கூடாது."

"பலகைய மாட்டி, மாலையும் போட்டுக் கும்பிடுங்கடா!" என்றார் தனபால். "கரண்டுக் கம்பி என் தோப்பைத் தாண்டித்தான் வரணும். நான் கையெழுத்துப் போடாம எப்படி வருதுன்னு பாக்கறேன்."

ஷபீர் திருப்புளியை நிறுத்தவில்லை. "சம்மதபத்திரம் கரண்ட் ஆபீசுக்கு வந்துருச்சுங்களே. நாளைக்குக் கம்பி இழுக்கறாங்க."

தனபால், பக்கத்தில் நின்ற சோலையை முறைத்தார்.

சோலை குடிவந்து ஒன்பது மாதம். வீட்டில் கரண்ட் இல்லை. பத்தாவது படிக்கும் மகள் மோனிஷா, தினமும் சார்ஜ் விளக்கைத் தூக்கிக்கொண்டு பெருமாட்டி ஊர்க் கடைக்குப் போய் சார்ஜ் ஏற்றி வருகிறாள். சோலை எத்தனையோ முறை வந்து கெஞ்சிப் பார்த்துவிட்டான். தனபால் அசையவில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், அண்ணன் எல்லைக்கல்லை நகர்த்தி நட்டதை, நிலம் அளக்க வந்தவர்களிடம் காட்டிக்கொடுத்தவன் இவன். அதை எப்படி மறப்பது?

"டேய் சோலை, என் கையெழுத்தைக் கள்ளத்தனமாப் போட்டயா?"

"சாமி சத்தியமா இல்லீங்கண்ணா! காயிதத்த நான் கண்ணுல கூடப் பாக்கல. ஆபீஸ்ல இருந்து போன் வந்துச்சு. நீங்கதான் மனசு எறங்கிப் போட்டுட்டீங்கன்னு நெனச்சேன்."

"நானா? உனக்கா? ஸ்டேஷன்ல பாத்துக்கலாம்டா."

விறுவிறுவென்று வீட்டுக்கு வந்தார்.

"சாந்தம்மா! சட்டைய எடு. உன் கொழுந்தன் கள்ளக் கையெழுத்துப் போட்டிருக்கான். இன்னிக்கு அவனை உள்ள தள்ளாம விடமாட்டேன்."

சாந்தம்மாள் சட்டையை எடுத்து வந்தாள். கையில் கொடுக்கவில்லை.

"ஏனுங்க, அவரு போடலீங்க. நான் போட்டேன்."

"என்னது?"

"அந்தப் புள்ள விளக்கத் தூக்கிட்டு நடக்கறதப் பாக்க முடியலீங்க. போன வாரம் ஆபீசுக்குப் போயிட்டு வந்தேன்."

தனபால் சிரித்தே விட்டார். "கூறுகெட்டவளே, நீ போட்டா அது செல்லுமா? ஆபீஸ்காரனுக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?"

"தோப்புக்குக் கரம் கட்டுன வரி ரசீதப் பாத்துட்டு, என் கையெழுத்துதான் செல்லும்னாங்க." சாந்தம்மாள் சட்டையை மறுபடியும் ஆணியில் மாட்டினாள். "தம்பி பங்கு கேட்டு வந்துருவான்னு, தோப்பை எம் பேருக்கு எழுதி வெச்சது நீங்கதானுங்களே?"