ஏழாம் நம்பருக்கு வைத்த எலுமிச்சம்பழம்

சரவணன் காலையில் ஏழாம் நம்பரின் சக்கரங்களுக்கு அடியில் வைத்திருந்த எலுமிச்சம்பழங்களைப் பொறுக்கிக்கொண்டு ரயிலின் வால் பக்கம் நடந்தான்.

“அதை எங்கடா கொண்டு போற?” என்று என்ஜின் மேலிருந்து கேட்டாள் சங்கமித்ரா.

“டீசலுக்கு வைக்கறேன்க்கா. இன்னிக்கு வேலை செய்யப்போறது அதுதானே.”

அவன் சொன்னதில் தப்பில்லை. அதனால்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஏழாம் நம்பர், வெள்ளைக்காரன் காலத்தில் கப்பலேறி வந்த நீராவி என்ஜின். நந்தி மலைப் பக்கத்துக் குட்டி ரயிலில் உருளைக்கிழங்கும் திராட்சையும் இழுத்துவந்து சிவாஜிநகர் வியாபாரிகளை வாழவைத்தது. குட்டி ரயில் நின்றதும் ஒரு பார்க்கில் சிமெண்டு மேடையில் ஏற்றி வைத்தார்கள். பிள்ளைகள் ஏறி விளையாடினார்கள். காதலர்கள் தங்கள் பெயர்களைக் கீறிவிட்டுப் போனார்கள்.

அதை ஒரு டிரஸ்ட் பீன்யாவுக்குக் கொண்டுவந்து, மூடிப்போன தொழிற்சாலை வளாகத்தில் தண்டவாளம் போட்டு நிறுத்தியது. பாய்லர் வேலை தெரிந்த சங்கமித்ரா தன் ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் அதன் துருவுக்கே தாரை வார்த்தாள்.

ஊரின் மறுகோடியில் இருக்கும் ஆஸ்டின் டவுன்காரி அவள். அந்தக் காலத்தில் அவளுடைய தெருக்காரர்கள் இதே என்ஜினுக்குக் கரி அள்ளிப் போட்டிருக்கிறார்கள். ஓட்டுகிற கைப்பிடியைத் தொட மட்டும் யாரும் விட்டதில்லை.

ஏழாம் நம்பர் சொந்த பலத்தில் ஓடினால் இங்கேயே இருக்கும், ஓடாவிட்டால் ஒரு ஹோட்டல் வாசலுக்குப் போகும் என்பது டிரஸ்டின் முடிவு. பாய்லரைக் குடைந்து ஜூஸ் கடை வைக்கப்போவதாக ஹோட்டல்காரர் ஆசை ஆசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நேற்று வெள்ளோட்டம். சரவணன் பூஜையில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஓர் எலுமிச்சம்பழம். திருஷ்டிப் பூசணிக்காயை மட்டும் ஓரமாக உடைக்க மனம் வராமல், சக்கரத்துக்கு முன்னால் தண்டவாளத்தின் மேலேயே போட்டு உடைத்தான். குங்குமத் தண்ணீரும் சதையுமாகத் தெறித்தது.

சங்கமித்ரா கைப்பிடியை இழுத்தாள். சக்கரங்கள் சுற்றின. நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தன. ஓர் அடிகூட நகரவில்லை.

“இழுவை இல்லம்மா. வயசாயிடுச்சு, விட்டுடுங்க” என்றார் டிரஸ்ட் செயலாளர் சந்திரசேகரன். அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது. ராத்திரி பெய்த மழையில் தண்டவாளம் சுத்தமானதுதான் மிச்சம்.

ஆனால் விருந்தாளிகளை அழைத்தாகிவிட்டது. மானம் போகாமலிருக்க ஓர் ஏற்பாடு செய்தார்கள். முன்னால் ஏழாம் நம்பர், நடுவில் விருந்தாளிகள் உட்கார்ந்த இரண்டு மரப்பெட்டிகள், கடைசியில் மூங்கில் தட்டியும் சாமந்திச் சரமும் கட்டி மறைத்த ஒரு டீசல் என்ஜின். சங்கமித்ரா விசில் கொடுத்ததும் டீசலை ஓட்டும் ஓஸ்வால்ட் பின்னாலிருந்து தள்ளுவார். அவள் புகை விட்டுக்கொண்டு கையை ஆட்டினால் போதும்.

எலுமிச்சம்பழத்தோடு பூசணிக்காயும் டீசலுக்கே போயிற்று. பின்னால் அது உடையும் சத்தம் கேட்டது. சரவணன் ஓடிவந்து ஏறி, கரி அள்ளிப் போட ஆரம்பித்தான்.

பச்சைக் கொடி அசைந்தது.

விசில் சங்கிலி அவள் தலைக்கு மேலே தொங்கியது. அதை இழுத்துவிட்டால் ஏழாம் நம்பர் வெறும் தள்ளுவண்டி. இழுப்பதற்கு முன் ஒரே ஒரு தடவை முயன்று பார்த்துவிடலாம் என்று கைப்பிடியில் கை வைத்தாள்.

இழுத்தாள்.

என்ஜின் குலுங்கியது. கொக்கிகள் ஒவ்வொன்றாக இறுகின. வண்டி நகர்ந்தது.

பெட்டிகளில் இருந்தவர்கள் கத்தித் தீர்த்தார்கள். ஹோட்டல்காரர் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிப் படம் எடுத்தார்.

சங்கமித்ராவுக்கு அழுகை வந்தது. கொடியைப் பார்த்ததுமே ஓஸ்வால்ட் அவசரப்பட்டுத் தள்ளிவிட்டார். ஒரு நிமிஷம் பொறுத்திருக்கக் கூடாதா மனுஷன்?

ஆத்திரத்தில் கைப்பிடியை இன்னும் இழுத்தாள். புகைபோக்கி பெரிதாகக் குரல் எழுப்பியது. பாரம் இழுக்கிற என்ஜினின் குரல் அது. அதை நம்பிவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அப்போது இடுப்பில் இருந்த வாக்கி டாக்கி கரகரத்தது.

“மேடம், விசில் எங்க மேடம்? நான் இன்னும் தள்ளவே ஆரம்பிக்கல! நீங்கதான் என்னையும் சேத்து இழுத்துட்டுப் போறீங்க! சந்திரசேகரன் சார் இங்க என் பக்கத்துல நின்னு எட்டி எட்டிப் பாக்கறாரு!”

சங்கமித்ரா தலையைத் தூக்கிப் பார்த்தாள். விசில் சங்கிலி அசைந்துகொண்டிருந்தது. அவள் இன்னும் அதைத் தொடவே இல்லை.

சரவணன் கரி வாரியைக் கீழே போட்டான். முன்னால் மழை கழுவி வெயில் காயவைத்த தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அக்கா” என்றான் மெதுவாக. “நேத்து... பூசணிக்காய்ல வழுக்கிருச்சு.”

அவனை அறையலாமா, கட்டிக்கொள்ளலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. சிரிப்பு வந்தது. இரண்டு கையாலும் சங்கிலியைப் பிடித்து இழுத்தாள். ஆஸ்டின் டவுன் வரை கேட்காது என்று தெரியும். இருந்தாலும் விடாமல் இழுத்துக்கொண்டே இருந்தாள்.