வைக்காத ஃபோன்

காலை பத்து மணிக்கு அலுவலகத்தின் இருநூறு தொலைபேசிகளும் வாயடைத்துப் போயின.

காரணம் அவன்தான். அத்தனை ஃபோன்களையும் கட்டி மேய்க்கிற லினக்ஸ் சர்வர் இரண்டு நாளாக மந்தமாக இருந்தது. சேவையை நிறுத்தி மறுபடி தொடங்கக் கட்டளை கொடுத்திருந்தான். அதுவும் நோகாமல்: பேசுகிறவர்கள் பேசி முடிக்கட்டும், புதிதாக யாரையும் சேர்க்காதே.

எல்லோரும் பேசி முடித்து முக்கால் மணி நேரமாயிற்று. ஒரே ஒரு அழைப்பு மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தது; அது முடியாமல் சர்வர் மறுபடி தொடங்காது.

மேனேஜர் இரண்டு முறை கதவைத் தட்டிவிட்டுப் போனார். ஒரு வரிக் கட்டளை அடித்தால் போதும், அதன் கதை முடிந்துவிடும். ஆனால் பேசுகிறவர்களை வெடுக்கென்று துண்டிப்பது அவனுக்கு ஆகாது. அது அப்பாவின் பழக்கம்.

அம்மா போன பிறகு வாரம் ஒருமுறை வீட்டுக்குப் பேசுவான். அப்பா எண்ணி மூன்று கேள்வி கேட்பார். பிறகு சரி, வைக்கிறேன் என்பார். வைத்தும் விடுவார். இன்னும் கொஞ்சம் பேசினால்தான் என்ன என்று இவன் ரிசீவரைக் காதோடு பிடித்தபடி நிற்பான். ஊருக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது. அந்த அரை நிமிடக் குரலுக்குத்தான் வாரம் முழுக்க ஏங்கினான்.

அப்படி யார்தான் விடாமல் பேசுகிறார்கள் என்று திரையைப் பார்த்தான்.

ஐந்து நாள், இருபது மணி நேரம்.

அழைப்பு போனது இதே சர்வர் அறை ஃபோனிலிருந்து. போய்ச் சேர்ந்த எண்ணைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான்.

போன புதன்கிழமை. பேச்சின் நடுவே ஏசி நின்று எச்சரிக்கை மணி அலறியது. "லைன்லயே இருங்கப்பா, ரெண்டு நிமிஷத்துல வந்துடறேன்" என்று ஓடியவன்தான். வழக்கம்போல் அவர் வைத்திருப்பார் என்று அதோடு மறந்துபோனான்.

ரிசீவர் அலமாரியின் மேல் மல்லாந்து கிடந்தது.

எடுத்துக் காதில் வைத்தான். வீட்டுச் சுவர்க் கடிகாரம் கேட்டது. டம்ளரில் ஸ்பூன் சுற்றுவது கேட்டது.

அப்பா என்றான். ஸ்பூன் நின்றது. செருப்புச் சத்தம் அவசரமாகக் கிட்டே வந்தது.

அப்பா அதே மூன்று கேள்விகளைக் கேட்டார். இவன் பதில் சொன்னான். மேனேஜர் மூன்றாவது முறையாகக் கதவைத் தட்டினார். வேலை காத்திருக்கிறது, வைக்க வேண்டும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னான்.

அப்பா சரி என்றார்.

அவர் வைக்கட்டும் என்று அவன் காத்திருந்தான். கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது.

"இந்தத் தடவை நீயே வெச்சுடுடா."